பிப்ரவரியோடு முடிவதில்லை: வலசை திரும்பும் காலத்தில் குழுவாகப் பறவை பார்த்தல்

தமிழ்நாட்டில் பறவை பார்க்கும் குழுக்கள் பலவும் நவம்பரில் கிளம்பி பிப்ரவரி கடைசியில் ஓய்ந்துவிடுகின்றன. வெயில் ஏறியதும் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) பெட்டிக்குள் போய்விடுகிறது. வடக்கே திரும்பும் வலசையோ அப்போதுதான் தொடங்குகிறது. மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை, பங்குனியும் சித்திரையும், கரையோரப் பறவைகளைக் கற்றுக்கொள்ள ஆண்டிலேயே மிகச் சிறந்த காலம் என்பது என் உறுதியான எண்ணம்.

டிசம்பரில் சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றைப்போல் ஒன்று நின்ற உள்ளான்கள் (சேற்றில் தீனி தேடும் கரைப்பறவைகள்) இப்போது வாரத்துக்கு வாரம் நிறம் மாறுகின்றன. கர்லூ சாண்ட்பைப்பர் என்று கையேடுகளில் இருக்கும் வளைமூக்கு உள்ளானின் மார்பில் மார்ச்சில் நாலைந்து செந்நிறத் திட்டுகள்தான் தெரியும். ஏப்ரல் கடைசியில் முகம் முதல் வயிறு வரை செங்கல் நிறம். பொன்னிற உப்புக்கொத்திக்கு வயிறு கறுக்கிறது. கருவால் மூக்கனுக்குக் கழுத்து சிவக்கிறது. மீசை ஆலாவுக்கு அலகு சிவந்து, அடிவயிறு கருஞ்சாம்பலாகி, கன்னம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. பழுப்புத்தலைக் கடற்காகம் அந்தப் பெயருக்கு உரிய தலையோடு இருப்பதை நம் கரையில் பார்க்கக் கிடைப்பதும் இந்த மாதங்களில்தான்.

அதனால் இக்காலத்துக்கு ஒரு திட்டம் சொல்வேன்: ஊர் ஊராக மாறாதீர்கள். ஒரே இடம், ஒரே தடம், ஒரே நேரம், வாரம் ஒருமுறை. மரக்காணம் உப்பளமும் கழுவேலியும், பள்ளிக்கரணை, பழவேற்காடு, கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் சதுப்பு என எது கிட்டத்தில் இருக்கிறதோ அது. புதிய இனம் தேடி ஓடுவதைவிட, ஒரே கூட்டத்தை எட்டு வாரம் பார்த்தவர்தான் நிறம் மாறும் வழியைக் கற்றுக்கொள்வார். அடுத்த டிசம்பரில் சாம்பல் நிற உள்ளானைப் பார்த்ததும் பெயர் சொல்லப்போகிறவரும் அவர்தான்.

இடத்தை இரண்டு நாள் முன்னதாக ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும். ஏப்ரலில் ஏரிகள் நாளுக்கு நாள் வற்றும். போன ஞாயிறு நூற்றுக்கணக்கில் பறவைகள் இருந்த சேறு இந்த ஞாயிறு வெடித்துக் கிடக்கலாம். ஈரச் சேறும் அதையொட்டி விரலளவு நீரும் உள்ள விளிம்பைத் தேடுங்கள். கொசு உள்ளான் போன்ற குட்டைக் காலிகளுக்கு அதற்கு மேல் ஆழம் ஆகாது. மூக்கன்கள் இன்னும் உள்ளே நிற்கும். உப்பளங்களில் உப்பு படிந்து விளையும் பாத்திகளில் தீனி குறைவு. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய பாத்திகளில்தான் கூட்டம் இருக்கும். உப்பளம் யாரோ ஒருவருடைய பிழைப்பு. கோடை அங்கே வேலை மும்முரமான காலம். உரிமையாளரிடமோ மேற்பார்வையாளரிடமோ முன்பே சொல்லி, எந்த வரப்பில் நடக்கலாம் என்று கேட்டு வையுங்கள். ஈர வரப்பு இருபது பேர் நடந்தால் உடையும். கோடியக்கரை போன்ற சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். வாசலில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று பதினைந்து பேரை அழைத்துப் போகக்கூடாது.

சென்னைப் பக்கம் ஏப்ரல் நடுவில் சூரியன் ஆறு மணிவாக்கில் எழுகிறது. ஐந்தே முக்காலுக்குக் கூடினால் ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கலாம். எட்டரைக்கு மேல் கானல் எழும். ஸ்கோப்பில் 60 மடங்கு வைத்தால் பறவை நீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். புதிதாக வருகிறவர்கள் ஸ்கோப்பைக் குறை சொல்லித் திருகிக்கொண்டே இருப்பார்கள். குறை காற்றில் இருக்கிறது. 25 மடங்குக்கு இறக்குங்கள், அல்லது இன்னும் அருகிலுள்ள பறவைக்குத் திருப்புங்கள். ஒன்பதரைக்கு முடித்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, மங்கிய நிறப் பருத்திச் சட்டை, மூடிய காலணி. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். கழிப்பறை எங்கே என்பதையும் அழைப்பிலேயே எழுதுங்கள். பெண்கள் குழுவில் தொடர்ந்து வராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். பெட்ரோல் பங்க்கோ சோதனைச் சாவடியோ, திறந்திருக்குமா என்று முன்பே பார்த்து வைத்தால் தீர்ந்துவிடும்.

வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். கோவளம், முட்டுக்காடு போன்ற இடங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நின்று மேற்கே உப்பங்கழியைப் பார்ப்பது காலைக்குப் பொருந்தும். காலையில் கடலைப் பார்த்து நின்றால் எல்லா ஆலாவும் கருநிழல்தான். கடற்கரை மணலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓதத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். நம் கிழக்குக் கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான்; முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் அடைத்திருக்கிறதா என்பதே நீர்மட்டத்தை அதிகம் மாற்றும்.

ஆள் எண்ணிக்கையில் கண்டிப்பு வேண்டும். ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 15 பேர், முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒருவர். ஆறேழு பேருக்கு ஒரு ஸ்கோப். முப்பது பேர் பதிவு செய்துவிட்டால் இரண்டாகப் பிரித்து, ஒரே வரப்பின் இரு முனைகளிலிருந்தும் அனுப்புவதைப் பார்த்திருக்கிறோம். நடுவில் மாட்டும் பறவைக் கூட்டம் இரண்டு பக்கமும் போக வழியின்றி எழுந்து போய்விடும்; இரண்டு குழுவுக்கும் ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது குழுவுக்கு வேறு இடம் அல்லது வேறு நாள் என்பதே சரி.

நடக்கத் தொடங்கும் முன் பத்து நிமிடம் பைனாகுலருக்கு ஒதுக்குங்கள். குழுவுக்கு 8×42 (8 மடங்கு, 42 மி.மீ. முன்வில்லை) போதும். 10 மடங்கில் கை நடுக்கமும் பெருகும். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு ஒரு பெயர்ப்பலகையைத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்க வேண்டும். அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அதன்பின் நடுச் சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி அணிந்தவர்கள் பைனாகுலரில் கண் வைக்கும் ரப்பர் கிண்ணத்தை உள்ளே இறக்காவிட்டால் சாவித்துவாரம் அளவுதான் தெரியும். "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று சொல்கிறவரிடம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் கோளாறு.

ஸ்கோப் சாய்ந்த கண்வில்லை உள்ளதாக இருந்தால் குழுவுக்கு ஏற்றது. உயரத்தைக் குழுவில் குள்ளமானவருக்கு ஏற்ப வையுங்கள்; உயரமானவர் குனியலாம், சிறுவனால் வளர முடியாது. முக்காலியைப் பிடிக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இருபது விநாடி, வரிசையில். பார்த்து முடித்தவர் "இடது ஓரத்துக்குப் போய்விட்டது" என்று அடுத்தவருக்குச் சொல்லிவிட்டு நகர வேண்டும். காற்று வலுத்தால் முக்காலிக் கால்களைக் குறைத்து, நடுவில் பையைத் தொங்கவிடுங்கள்.

பறவையைக் காட்டுவது தனிக் கலை. "அதோ, அங்கே" என்று கை நீட்டினால் நீட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். அசையாத ஒன்றைப் பிடியுங்கள்: மூன்றாவது மின்கம்பம், அதன் அடியில் நீரோரம், அங்கே நிற்கும் இரண்டு நெடுங்கால் உள்ளான்களுக்கு நடுவில், சின்னது. இப்படிப் படிப்படியாகப் போனால் பதினைந்து பேரும் அரை நிமிடத்தில் வந்து சேர்வார்கள். பச்சை லேசர் விளக்கைப் பறவை இருக்கும் திசையில் அடிக்கவே வேண்டாம்.

அடையாளம் சொல்லித் தரும்போது முதல் நாளே இருபது பெயர்களைக் கொட்டாதீர்கள். அளவுகோலாக நான்கு பறவைகள் போதும்: நெடுங்கால் உள்ளான், பவளக்காலி, பொறி உள்ளான், கொசு உள்ளான். இந்த நான்கும் பழகிவிட்டால், வேறு எதையும் "பவளக்காலியைவிடச் சிறிது, அலகு தலையின் நீளத்தைவிட நீளம், நுனி கீழே வளைந்தது" என்று வைத்துப் பார்க்கலாம். அப்படி வைத்தாலே வளைமூக்கு உள்ளான் அகப்படும். நடை இன்னும் உதவும். உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். வளைமூக்கு உள்ளான்கள் வயிறளவு நீரில் தலை குனிந்து தையல் இயந்திர ஊசிபோல் குத்திக்கொண்டே நகரும். கல்திருப்பி பெயரிலேயே இருக்கிறது. மூன்று முறை உரக்க "ட்யூ-ட்யூ-ட்யூ" என்றால் பச்சைக்காலி.

நிறம் மாறும் காலம் என்பதால் ஒரு வாய்ப்பும் உண்டு. லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவர் என்று நாம் அழைத்துவந்த சிறிய மணல் உப்புக்கொத்தியை இப்போது திபெத், சைபீரியா என இரண்டு இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். குளிர்கால நிறத்தில் களத்தில் பிரிப்பது மிகக் கடினம். ஏப்ரலில் ஆணின் நெற்றியைப் பாருங்கள்: நெற்றி முழுக்கக் கறுப்பாக இருந்தால் திபெத் இனம், முகத்தின் கறுப்பு முகமூடிக்கு நடுவே நெற்றியில் வெள்ளை இருந்தால் சைபீரிய இனம். நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் திபெத் இனமே. அதனால் வெள்ளை நெற்றி கண்ணில் பட்டால் அவசரப்படாமல், இரு பக்கமிருந்தும் படம் எடுத்து வையுங்கள்.

மிக முக்கியமானது தூரம். இந்தப் பறவைகள் இப்போது கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். அது முட்டையிடப் போவது ஆர்க்டிக் ஓரத்து சைபீரியாவில், இங்கிருந்து ஏறத்தாழ 7,000 கி.மீ. வடக்கே. நாம் ஒருமுறை கிளப்பிவிட்டால் அது தீனியையும் இழக்கிறது, சேர்த்த கொழுப்பையும் செலவழிக்கிறது. அறிகுறிகள் வரிசையாக வரும். முதலில் கொத்துவதை நிறுத்தித் தலை நிமிரும். பிறகு எல்லாம் ஒரே பக்கமாக நடந்து நெருங்கும். அடுத்தது பறப்பதுதான். தலை நிமிர்ந்ததுமே நிற்க வேண்டும். அவை மறுபடி கொத்தத் தொடங்கிய பிறகுதான் அடுத்த அடி. நேராகப் போகாமல் சாய்வாக, பக்கவாட்டில் பரவாமல் ஒருவர் பின் ஒருவராக. கேமரா வைத்திருப்பவர் வழிகாட்டியைத் தாண்டிப் போகக்கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

குளிர்காலத்தில் இல்லாத இன்னொரு ஆபத்து, காலடியில் கிடக்கும் முட்டை. இங்கேயே வாழும் உப்புக்கொத்தி, சின்ன ஆலா, நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி எல்லாம் கோடையில் வெறும் தரையில், காய்ந்த ஏரிப்படுகையில், உப்பள வரப்பில் முட்டையிடும். மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை, மிதித்த பிறகுதான் தெரியும். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தாலோ, உப்புக்கொத்தி சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாலோ, கூடு பக்கத்தில் இருக்கிறது. வந்த தடத்திலேயே, காலடி பார்த்துத் திரும்புங்கள். தாய்ப்பறவை வெயிலிலிருந்து முட்டையை மறைத்து நிற்கிறது. பத்து மணி வெயிலில் நாம் சுற்றி நின்று படமெடுத்தால் உள்ளே உள்ள குஞ்சு வெந்துவிடும். கூட்டின் இடத்தை வாட்ஸ்அப்பில் பகிரவும் வேண்டாம்.

ஏப்ரலில் ஒரு மாலையையாவது ஒதுக்குங்கள். நெடும்பயணம் கிளம்பும் கூட்டங்கள் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில் எழும். அதற்கு முன் ஓயாமல் குரல் கொடுக்கும், குளிக்கும், சிறு கூட்டமாக எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். உண்மையில் கிளம்பும் கூட்டம் இறங்காமல் உயர்ந்துகொண்டே போய் வரிசை கட்டும். ஐந்தரைக்கே ஓரிடத்தில் உட்கார்ந்து, யாரும் நடமாடாமல் இருந்தால்தான் பார்க்கக் கிடைக்கும். எத்தனை, எந்த நேரம், எந்தத் திசை, காற்று எங்கிருந்து என்று குறியுங்கள்.

எண்ணுவதற்கு இருவரைத் தனித்தனியாக அமர்த்துங்கள். ஒருவர் எண் மற்றவர் காதில் விழக்கூடாது. பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று முதலில் பார்த்து, அதை வைத்துக் கூட்டம் முழுவதையும் அளக்க வேண்டும். கலப்புக் கூட்டத்தில் முதலில் மொத்தம், பிறகு ஸ்கோப்பில் நூறு பறவையை இனம் பிரித்து அந்த விகிதத்தில் பங்கிட வேண்டும். இந்தப் பருவத்துக்கு இன்னொரு எண்ணும் தேவை: ஐம்பது வளைமூக்கு உள்ளானில் எத்தனைக்குச் சிவப்பு ஏறியிருக்கிறது? வாரா வாரம் இதை எழுதினால் அருமையான பதிவு சேரும். இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஒருவர் மட்டும் பட்டியல் போட்டு மற்றவர்களுக்குப் பகிர வேண்டும். பதினைந்து பேரும் தனித்தனியே போட்டால் அதே கூட்டம் பதினைந்து முறை பதிவாகும். பார்த்தவர் எண்ணிக்கை, நடந்த தூரம், நேரம் மூன்றையும் நிரப்புங்கள். எண் தெரியவில்லை என்று எக்ஸ் போடுவதைவிட உத்தேச எண் மேல்.

காலில் ஆய்வாளர்கள் கட்டிய வண்ணப் பட்டை கண்ணில் பட்டால் எல்லாரும் நிற்க வேண்டும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது. வேறு நாட்டில் பட்டை கட்டிய பறவையும் இங்கே வரும். எந்தக் கால் (பறவையின் இடம் வலம், நம்முடையது இல்லை), முழங்காலுக்கு மேலா கீழா, மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம், எழுத்து என்ன என்று குறியுங்கள். எழுத்து படிக்கக் கிடைக்காவிட்டாலும் நிறவரிசை போதும், எந்த வட்டாரத்தில் கட்டியது என்று தெரிந்துவிடும். படிக்க வேண்டுமென்று துரத்தாதீர்கள்.

கரை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். ஏப்ரல், மே தொடக்கத்தில் புதர்க்காடுகளிலும் ஊர்த் தோட்டங்களிலும் ஆறுமணிக்குருவி வடக்கே போகும் வழியில் இறங்கும். காய்ந்த சருகைப் புரட்டும் சத்தத்தைக் கேட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்துவிட்டால் அதுவே வெளியே வரும். கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதை எந்தக் குழுவும் அனுமதிக்கக்கூடாது.

போகும் வரிசை ஏறக்குறைய இப்படி: நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலானவை மார்ச்சோடு குறைந்துவிடும். சூறைக்குருவிகள் ஏப்ரலில் கிளம்பிவிடும். உள்ளான்களின் கடைசிக் கூட்டங்கள் மே நடுப்பகுதி வரை நிற்கும். மே, ஜூனிலும் சில உள்ளான்கள் சாம்பல் நிறத்திலேயே நிற்பதைப் பார்த்து, அடிபட்டது என்றோ வழி தவறியது என்றோ பதிவு போடுகிறார்கள். அவை பெரும்பாலும் போன ஆண்டுக் குஞ்சுகள். முதல் கோடையை இங்கேயே கழிப்பவை. அவற்றையும் எண்ணிப் போடுங்கள். ஜூலை கடைசி, ஆகஸ்டில் செங்கல் நிறம் பாதி உதிர்ந்த வளர்ந்த பறவைகள் வந்து இறங்கும்போது, எது தங்கியது, எது திரும்பியது என்று பிரிக்க அந்த எண்கள்தான் தேவைப்படும்.