மூலை வீட்டில் காப்பிக்கடை

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

மூலை வீட்டைச் சுற்றித் தகரத் தட்டி அடித்துவிட்டார்கள். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் காப்பிக் கம்பெனி வருகிறதாம். தெரு வாட்ஸ்அப் குழு விடிவதற்குள் சூடாகிவிட்டது. "பெசன்ட் நகர் அமைதியே போச்சு" என்று பதினோராம் நம்பர் வீட்டுக்காரர் போட்டிருந்தார். எலியட்ஸ் கடற்கரைக்கு வரும் கார்கள் ஞாயிறு சாயங்காலம் நம் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்பது இன்று நேற்றா நடக்கிறது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மொட்டை மாடியில் கூட்டம். முதல் அரை மணி நேரம் பண்பாடு. டிகிரி காப்பி குடித்து வளர்ந்த தெருவில் காகிதக் கோப்பையா என்று ஒரு பெரியவர் கொதித்தார். அவர் வீட்டுப் பேரன் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள்: கார், ஜெனரேட்டர், ராத்திரிச் சத்தம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறந்துவைக்கலாம் என்று 2019-லேயே அரசாணை வந்துவிட்டது, பிறகு நீட்டித்தும் விட்டார்கள் என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சொன்னதும் மாடியே கப்சிப். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளையும் அவரே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45.

வீட்டை வாடகைக்கு விட்டவரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகளோடு அமெரிக்காவில் இருக்கிறார். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். கம்பெனியைத் திட்டுவது சுலபம். அதற்கு முகம் கிடையாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மனு தயார். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். அந்த வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும் அயர்ன் வண்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. என் பையனின் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து அவர் கைபட்டதுதான். சேர்க்கச் சொன்னேன். "அவர் ரெசிடென்ட் இல்லையே ஆன்ட்டி" என்றார் செயலாளர்.

அவரிடமே போய்க் கேட்டேன். "வண்டிய எடுக்கச் சொல்லிட்டாங்கம்மா. அதுல வேலைக்குச் சேர வர்ற பசங்க சட்டைய அயர்ன் பண்ணக் குடுப்பாங்களான்னு பாக்கணும்" என்றார். மனுவில் இருந்த எவரையும்விடத் தெளிவாக யோசித்திருந்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

கம்பெனியிலிருந்து ஒரு இளைஞர் வந்து பேசினார். மரியாதையான பிள்ளை. ஜெனரேட்டரைப் பின்பக்கம் வைத்து மூடிவிடுவார்களாம். எண்ணெய்க் கழிவு மழைநீர் வடிகாலுக்குப் போகாதாம். கார்களுக்கு வேலே பார்க்கிங்: வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டு அவர்களே கொண்டுபோய் நிறுத்துவார்களாம். "வாங்கி எங்கேப்பா நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் நெளிந்தார். "பக்கத்துத் தெருலதான் மேடம்."

பக்கத்துத் தெரு வாட்ஸ்அப்பில் இன்று ராத்திரி என்ன ஓடுகிறதோ.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம். எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் நடந்தே வந்துகொண்டிருக்கிறார்கள். செப்டம்பர் 8 வரை இப்படித்தான். ஒலிபெருக்கி, நெரிசல், எதற்கும் இங்கே யாரும் மனு எழுதியதில்லை. பதினோராம் நம்பர் வீட்டில் மோர்ப் பானை வேறு வைப்பார்கள்.

அதே நாளில் கடையையும் திறந்தார்கள். போலீஸ் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பிவிட்டதால் ஒரு கார்கூட வரவில்லை. வெறிச்சோடிய கடைக்குள் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 13, சனி

திருவிழா முடிந்தது, கார்கள் வந்தன. ராத்திரி 10.40-க்கு என் போன் 63 டெசிபல் காட்டியது. போன் காட்டுவதை அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள் என்று அந்த ஓய்வுபெற்றவர் சொல்கிறார். சரியான கருவி எடுத்து வரச்சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் கையெழுத்துப் போடுவேன்.

காப்பி 280 ரூபாய். மருமகள் வாங்கி வந்தாள். பால் நன்றாக இருந்தது, டிகாக்‌ஷன் கசப்பு. அயர்ன் வண்டி இப்போது எங்கள் சுவரோரம். கடைப் பையன்கள் சட்டை கொடுக்கிறார்கள். மாதக் கணக்கு வேண்டாம், அன்றன்றைக்கே காசு என்று கறாராகச் சொல்லிவிட்டாராம்.