தபாலில் போகும் பழங்காசு

பழங்காசுகளும் அஞ்சல்தலைகளும் சேர்ப்பவர்கள் ஒரு காலத்தில் கண்காட்சிகளிலும் சங்கக் கூட்டங்களிலும் நேரில் சந்தித்தே பொருள்களைக் கைமாற்றிக்கொண்டார்கள். இன்று வாட்ஸ்அப் குழுவில் படம் பார்த்து, யுபிஐயில் பணம் அனுப்பி, பெயரும் ஊரும் மட்டுமே தெரிந்த ஒருவரிடமிருந்து பொருளைத் தருவித்துக்கொள்கிறோம். விலை பேசுவதற்கு நாம் செலவிடும் நேரத்தில் கால் பங்கைக்கூட அந்தப் பொருள் எப்படி வந்து சேரப்போகிறது என்பதற்குச் செலவிடுவதில்லை. பார்சல் தொலைந்துவிட்டது என்று வருத்தத்தோடு பேசும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது ரசீதைத்தான். அதில் என்ன எடை பதிவாகியிருக்கிறது, மதிப்பு ஏதாவது அறிவிக்கப்பட்டிருக்கிறதா, காப்பீடு செய்யப்பட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கான விடையிலேயே அவருக்கு என்ன கிடைக்கும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

உள்நாட்டு ஸ்பீட் போஸ்டில் காப்பீடு இல்லாமல் அனுப்பிய பொருள் தொலைந்தால் அஞ்சல் துறை தருவது, செலுத்திய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. எட்டாயிரம் ரூபாய் மதிப்புள்ள திருவிதாங்கூர் அஞ்சல் உறையை அறுபது ரூபாய் கட்டணத்தில் அனுப்பி அது தொலைந்துபோனால், கிடைக்கக்கூடியது நூற்றிருபது ரூபாய். இது கவுண்டரில் இருப்பவரின் அலட்சியத்தால் வரும் தொகை அன்று, விதியே அப்படித்தான் இருக்கிறது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் தன் 6ஆவது பிரிவில் இழப்புக்கும் தாமதத்துக்கும் சேதத்துக்கும் அரசைப் பொறுப்பிலிருந்து விலக்கியிருந்தது. 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் புதிய சட்டமும், விதிகளில் வகுக்கப்பட்ட அளவைத் தாண்டி அஞ்சலகம் பொறுப்பேற்காது என்றே சொல்கிறது. டிராக்கிங் எண் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த எண் பொருள் எங்கே போனது என்று சொல்லுமே தவிர, அதன் விலையைத் திருப்பித் தராது.

இன்னொரு மாற்றத்தையும் சேகரிப்பாளர்கள் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லாமல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்ட் முகவரியைப் பார்த்துப் பட்டுவாடா செய்யப்படுவது, பதிவுத் தபால் பெறுநரின் கையிலோ அவர் அதிகாரம் அளித்தவரின் கையிலோ மட்டும் கொடுக்கப்படுவது என்ற வேறுபாட்டை நம்பித்தான் நம்மில் பலர் பதிவுத் தபாலை விரும்பினோம். அந்தப் பாதுகாப்பு அழிந்துவிடவில்லை. ஸ்பீட் போஸ்டின் மேல் ஐந்து ரூபாயும் ஜிஎஸ்டியும் செலுத்தினால் பதிவு வசதியையும், தனியே அதே அளவு தொகைக்கு ஓடிபி சொன்னால் மட்டுமே பட்டுவாடா செய்யும் வசதியையும் பெறலாம் என்று 2025 அக்டோபர் முதல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆனால் இப்போது அதை நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சாதாரண ஸ்பீட் போஸ்டாகவே பதிவாகும். காவலாளியோ பக்கத்து வீட்டாரோ வாங்கி வைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பும்போது இந்தச் சிறு தொகையைத் தயங்காமல் செலவிட வேண்டும் என்பேன்.

மதிப்பு மிகுந்த பொருளுக்கு உரிய வழி காப்பீட்டு அஞ்சல்தான். அதற்கென்று பழைய முறை ஒன்று இருக்கிறது. கட்டின் மடிப்புகளிலும் இணைப்புகளிலும் ஒரே நிற அரக்கை உருக்கி ஊற்றி, அனுப்புபவரின் தனி அடையாளம் கொண்ட ஒரே முத்திரையை எல்லா இடங்களிலும் பதிக்க வேண்டும். எவரிடமும் இருக்கக்கூடியது என்பதால், நாணயத்தை வைத்துப் பதித்த முத்திரையை ஏற்கமாட்டார்கள். அரக்கு வாங்கி, முத்திரை செய்து, கிராம் கணக்கில் எடை எழுதி வாங்கிவர அரை நாள் போய்விடுகிறது என்று இளைய நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். இடையில் யாராவது கட்டைப் பிரித்தால் அந்தத் தடயத்தை மறைக்க முடியாதபடி செய்வதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. 1958 நவம்பரில் நியூயார்க் வைர வியாபாரி ஹாரி வின்ஸ்டன், கோல்கொண்டா மண்ணிலிருந்து போன ஹோப் வைரத்தை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில்தான் அனுப்பிவைத்தார். அவர் செலுத்திய 145 டாலர் 29 சென்டில் அஞ்சல் கட்டணம் 2 டாலர் 44 சென்ட் மட்டுமே, மீதி முழுவதும் பத்து லட்சம் டாலருக்கான காப்பீட்டுக்குப் போனது. அந்தப் பழுப்புத்தாள் உறையே இப்போது அங்குள்ள அஞ்சல் அருங்காட்சியகத்தில் ஒரு காட்சிப்பொருள்.

தனியார் கூரியரில் அனுப்புபவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். முதலாவது, கூரியர் நிறுவனங்கள் பலவற்றின் விலக்குப் பட்டியலில் நாணயங்கள், பணத்தாள்கள், நகைகள், தொல்பொருள்கள் ஆகியவை இடம்பெற்றிருக்கும். கவுண்டரில் கேட்டால் "டாக்குமென்ட் என்று போட்டுவிடலாம் சார்" என்பார்கள். அப்படிப் போட்டுவிட்டால், பார்சல் தொலைந்தபின் உள்ளே இருந்தது சோழர் காசு என்று நிறுவ நம்மிடம் எந்த ஆதாரமும் இருக்காது. மேலும், பொய்யான விவரம் தந்ததாக நம் மீதே பழி திரும்பும். இரண்டாவது, ரசீதில் ஓனர்ஸ் ரிஸ்க் (இழப்பு உரிமையாளருடையது), கேரியர்ஸ் ரிஸ்க் (இழப்பு கொண்டுசெல்பவருடையது) என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். எஃப்.ஓ.வி. எனப்படும் மதிப்புக் கட்டணத்தைச் செலுத்தி இரண்டாவது கட்டத்தில் குறியிட்டால்தான் அறிவித்த மதிப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்கும். ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளுக்கு என்ன வலு என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1996இல், பாரதி நிட்டிங் கம்பெனி என்ற ஏற்றுமதி நிறுவனம் ஒரு கூரியர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் விடை சொன்னது. ஆவணங்கள் உரிய நேரத்தில் போய்ச்சேராததால் ஏற்றுமதியாளருக்கு லட்சக்கணக்கில் இழப்பு ஏற்பட்டிருந்தும், அவர் கையொப்பமிட்ட ரசீதில் பொறுப்பு 100 டாலரோடு நின்றுவிடும் என்று இருந்ததால் அந்தத் தொகையே செல்லும் என்று தீர்ப்பானது. ஆகவே கையொப்பமிடும் முன் அந்தப் பொடி எழுத்தைப் படித்தே ஆக வேண்டும்.

கட்டும் முறைக்கு வருகிறேன். ஒரு காசைச் சாதாரண உறையில் போட்டு அனுப்பினால், அது உள்ளே நகர்ந்து நகர்ந்து மூலையை இடித்துக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு விழுந்துவிடும். ஆகையால் காசை முதலில், மடித்து ஸ்டேப்ளர் அடிக்கும் இரண்டுக்கு இரண்டு அங்குல அட்டை ஹோல்டரில் வைத்து, ஸ்டேப்ளர் பின்களின் முனைகளைக் குறட்டால் தட்டையாக அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் காசின் முகத்தில் அவை கீறிவிடும். வளையக்கூடிய மலிவான பிவிசி பைகளைத் தவிர்ப்பது நல்லது, அவற்றிலிருந்து கசியும் பொருள் செம்பிலும் வெள்ளியிலும் பச்சைப் பிசுக்காகப் படிந்துவிடும். ஹோல்டர்களைத் தடித்த அட்டையில் ஒட்டி, மேலே இன்னோர் அட்டை வைத்துக் கட்டியபின் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் கட்டு இன்னும் முடியவில்லை என்று பொருள். பைக்குள் காசு இருக்கிறது என்று வழியில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம்தான் முதலில் சொல்கிறது.

அஞ்சல்தலைகளுக்கும், தலை வெளியான நாளிலேயே முத்திரை குத்தப்பட்ட முதல் நாள் உறைகளுக்கும் வளைவும் ஈரமுமே பகை. கிளாசின் எனப்படும் வழுவழுப்பான மெல்லிய தாளால் ஆன உறையில் இட்டு, எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டிய இரண்டு நெளி அட்டைகளுக்கு நடுவே வைக்க வேண்டும். ஓர் அட்டையின் நெளிவுகள் நெடுக்காகவும் மற்றதன் நெளிவுகள் குறுக்காகவும் இருந்தால் கட்டு எந்தப் பக்கமும் மடியாது. பசையுள்ள பயன்படுத்தாத தலைகளை ஐப்பசி, கார்த்திகை மழையில் அனுப்ப நேர்ந்தால் அட்டைகளுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பை கட்டாயம் தேவை. செல்லோடேப் எந்த நிலையிலும் பொருளைத் தொடக் கூடாது. வெளி உறையின் இணைப்புகளின் குறுக்கே கையொப்பமிட்டு, அதன் மேல் ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டினால் பிரித்து ஒட்டியது கண்ணுக்குத் தெரியும். இரு முகவரிகளும் எழுதிய ஒரு சீட்டை உள்ளேயும் வைத்துவிடுங்கள். வெளிச்சீட்டு கிழிந்துபோன பொருள்கள் திரும்பு கடித அலுவலகத்துக்குப் போகும்போது, அங்கே பிரித்துப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை.

பின்கோடை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும். 641001 கோயம்புத்தூர், 614001 மன்னார்குடி. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் பார்சல் கொங்கு நாட்டுக்குப் பதில் டெல்டாவுக்குப் போய்ச் சேரும். பெறுநரின் செல்பேசி எண்ணும் உறையின் மேல் இருக்கட்டும். பொருளின் இரு பக்கங்களையும், கட்டிய பார்சல் தராசில் எடை காட்டி நிற்பதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த எடையைக் கவுண்டர் ரசீதின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் விலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழைமை கொண்ட காசு தொல்பொருளாகும், அதைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. புதுக்கோட்டை அம்மன் காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, சிங்கப்பூரில் இருக்கும் நண்பருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பலாமே என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அம்மன் காசின் மீது ஆண்டு பொறிக்கப்படாததால், எந்தக் காசு எந்தக் காலத்தது என்ற வாதத்தைச் சுங்க மேசையில் நடத்த வேண்டியிருக்கும்.

இத்தனை செய்தும் பொருள் வரவில்லையென்றால் முதலில் டிராக்கிங் பதிவுகளை வரிசையாகப் படித்து, கடைசியாக எந்த அலுவலகம் அதைப் பெற்றது, அடுத்த அலுவலகம் பெற்றதாகப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகாரில் "என் பார்சல் வரவில்லை" என்று எழுதுவதைவிட, இந்தத் தேதியில் இந்த மையத்திலிருந்து பையில் இடப்பட்டது, அடுத்த மையத்தில் பெறப்பட்ட பதிவு இல்லை என்று எழுதினால் தேடுபவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும். நான் அனுப்பிய உறைத் தொகுப்பு ஒன்று பட்டுவாடா ஆகிவிட்டதாக ஒரு கூரியரின் பதிவு சொன்னது, பெற வேண்டிய நண்பரோ வரவே இல்லை என்றார். பட்டுவாடாச் சீட்டின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அதில் இருந்த கையொப்பம் அடுத்த தெருவில் அதே பெயர் கொண்ட வேறொரு குடியிருப்பின் காவலாளியுடையது. நண்பர் நடந்தே போய் வாங்கி வந்துவிட்டார். ஆகவே பட்டுவாடா ஆனது என்று காட்டினால் அந்த நகலைக் கேட்காமல் யாரும் ஓயக் கூடாது.

பார்சல் கிழிந்தோ எடை குறைந்தோ வந்தால் கையொப்பமிட்டு வாங்கிவிட வேண்டாம். ஓபன் டெலிவரி வேண்டும் என்று கேட்டால், அஞ்சலகத்தில் அதிகாரியின் முன்னிலையில் பிரித்து, உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டுத் தருவார்கள். புகார்களுக்குப் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. வணிக நோக்கில் அனுப்பியவர்கள் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவது கடினம் என்பதால், இதைத் தொழிலாகச் செய்பவர்கள் காப்பீட்டையே நம்ப வேண்டும்.

கடைசியாக, இழப்பு விற்றவருடையதா வாங்கியவருடையதா என்ற கேள்விதான் குழுக்களில் நட்பை முறிக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, பொருளைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதலாம் என்கிறது. ஆனால் பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டை விற்பவர் செய்யத் தவறி, அது வழியில் தொலைந்தால் வாங்குபவர் அவரையே பொறுப்பாக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பத்தாயிரம் ரூபாய் காசைக் காப்பீடில்லாமல் அனுப்பிவிட்டு "நான் அனுப்பிவிட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்வதற்கு எந்த விற்பனையாளருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து. காப்பீட்டுச் செலவை யார் ஏற்பது, தொலைந்தால் எத்தனை நாளில் பணம் திரும்ப வேண்டும் என்பதை விலை பேசும்போதே குழுவில் எழுதிவிட வேண்டும். பணம் திரும்பியபின் தொலைந்த பார்சல் மாதங்கள் கழித்து வந்து சேர்வதும் உண்டு என்பதால், அப்படி வந்தால் வாங்கியவர் பிரிக்காமல் தகவல் சொல்லி, பணத்தையோ பொருளையோ திருப்பிவிடுவார் என்பதையும் அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள்.