இரண்டு முகாம்கள்

இலண்டனில் தமிழ் உரைபெயர்ப்பாளராக வேலை பார்க்கத் தொடங்கி இது 11ஆவது ஆண்டு. பகலில் தஞ்சக் கோரிக்கை நேர்காணல்களில் அதிகாரிக்கும் விண்ணப்பதாரருக்கும் நடுவில் இருப்பேன். சில மாலைகளில் சட்டத்தரணிகளின் அலுவலகங்களில் நிராகரிப்புக் கடிதங்களைத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். ஒரே ஆளின் வழக்கில் இரண்டு பக்கமும் வேலை செய்யக்கூடாது என்பதால், நேர்காணலில் கேட்ட கதைகளின் முடிவு எனக்குத் தெரிய வருவதில்லை. கடிதங்களில் வாசிக்கும் முடிவுகளின் தொடக்கத்தை நான் கண்டதுமில்லை.

சில வருடங்களுக்கு முன் வன்னியைச் சேர்ந்த ஒருவருக்கு அப்படியொரு கடிதத்தை வாசித்தேன். (அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதல் விசாரிப்பில், போர் முடிந்தபின் குடும்பத்தோடு முகாமில் இருந்ததாகச் சொன்னவர், பிரதான நேர்காணலில், அதே மாதங்களில் முகாமில் தனியாக அடைக்கப்பட்டுத் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண், ஆகவே மிச்சத்தையும் நம்புவதற்கில்லை என்று ஒரு பந்தி சொன்னது. வாசித்து முடித்ததும் அவர் என்னைப் பார்த்து, "அண்ணை, அது ரெண்டும் வேற வேற முகாம் எல்லோ?" என்றார்.

வேறு வேறுதான். முதலாவது செட்டிகுளத்து மெனிக் பாம். 2009இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனங்களை முட்கம்பிக்குள் வைத்திருந்த இடம். இரண்டாவது, அங்கிருந்து பெயர் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போய் விசாரித்த இராணுவ முகாம். எங்கள் ஆட்கள் இரண்டையும் முகாம் என்றுதான் சொல்வார்கள். கேட்பவர் ஊர்க்காரர் என்றால் எது என்று பேச்சுப்போக்கில் விளங்கிவிடும். அன்றைய உரைபெயர்ப்பாளர் இரண்டுக்கும் 'காம்ப்' என்றே சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் எத்தனையோ தடவை அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இப்படி வழுக்கும் சொற்கள் வேறும் உண்டு. பெரியப்பாவின் மகனை 'அண்ணா' என்றால், கூடப்பிறந்தவர் இல்லையென்று முதலில் ஏன் சொன்னீர் என்பார்கள். 'புனர்வாழ்வுக்குப் போய் வந்தனான்' என்பவர் சொல்வது தடுப்பு முகாமில் கழித்த மாதங்களை. ஆங்கிலத்தில் அது அரசாங்கம் பராமரித்து விடுவித்ததுபோல் ஒலிக்கும், இனி என்ன பயம் என்ற கேள்வி பின்னாலேயே வரும். சொல் வழுக்குவது இயல்பு. என் மனதை அரிப்பது, அது வழுக்கும்போதெல்லாம் ஏன் விண்ணப்பதாரருக்கு எதிரான பக்கமே விழுகிறது என்பதுதான். ஒருமுறை, இந்தத் தமிழ்ச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று சொல்ல அனுமதி கேட்டேன். "சொன்னதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. இன்னொரு நாள் வேறோர் அதிகாரி, நான் எதுவும் சொல்லாமலே, தட்டச்சை நிறுத்திவிட்டு, "எந்த முகாம், யாருடைய பொறுப்பில் இருந்தது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூடச் செல்லவில்லை.

தஞ்சம் கோருபவர் எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்பதைப் பிரித்தானியாவில் வரையறுத்ததே தமிழர்களின் வழக்குத்தான். 1987 டிசம்பரில் சிவகுமாரன் வழக்கில், அப்போது நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான சாத்தியம் இருந்தால் போதும் என்றது. அதே தீர்ப்பில் அவர்கள் தோற்றுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதும், பின்னர் மேன்முறையீட்டில் வென்று திரும்பி வந்தார்கள் என்பதும் வேறு கதை. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அளவுகோலின் ஒரு பகுதியை உயர்த்திவிட்டது: உண்மையிலேயே அப்படியொரு பயம் இருக்கிறதா என்பதை, இல்லை என்பதைவிட உண்டு என்பதே கூடுதல் சாத்தியம் என்ற அளவுக்கு இப்போது காட்டவேண்டும்.

சொல்லைத்தான் நம்பவில்லை என்றால், உடம்பையும் நம்பாத காலம் இருந்தது. சூடாக்கிய கம்பியால் முதுகில் சுடப்பட்ட தழும்புகளோடு வந்த ஒரு தமிழரின் வழக்கில், தஞ்சம் கிடைப்பதற்காக அவரே சொல்லி, அவர் சம்மதத்தோடு, வேறொருவர் அந்தச் சூட்டை இழுத்திருக்கலாம் என்ற முடிவுக்குத் தீர்ப்பாயம் வந்தது. தழும்புகளின் ஓரங்கள் நேராக இருந்ததால், சுடும்போது அவர் மயக்கத்தில் அசையாமல் கிடந்திருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அப்படித் தனக்குத்தானே செய்விப்பவர்கள் மிக மிக அரிது என்பதற்கு உரிய கனம் கொடுக்கப்படவில்லை என்று சொல்லி வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. வந்து எட்டு வருடம் கழித்து அவருக்குக் கிடைத்தது இன்னொரு விசாரணை.

வன்னிக்காரரின் மேன்முறையீட்டு வாக்குமூலத்துக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அன்று காலை அவர் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போய்வந்திருந்தார். தோளில் ஒரு பை, அதற்குள் சாரம், துவாய், மாற்றுச் சட்டை. போன இடத்திலேயே பிடித்துவைத்துப் பிளேன் ஏற்றினாலும் ஏற்றுவார்கள் என்று ஒவ்வொரு முறையும் அதைக் கொண்டுபோவாராம். சட்டத்தரணி ஒரு தாளைக் கொடுத்து, இரண்டு இடங்களையும் வரைந்து காட்டச் சொன்னார். தறப்பாள் கொட்டில்கள், முட்கம்பி, தண்ணீர்த் தாங்கி, பிறகு ஒரு தெரு, தெருவின் முடிவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஆங்கிலத்தில் நான் ஒன்றுக்கு இடம்பெயர்ந்தோர் முகாம் என்றும் மற்றதற்கு இராணுவத் தடுப்பு முகாம் என்றும் எழுதினேன். அவர் தன் பேனாவால் இரண்டின் கீழும் தமிழில் 'முகாம்' என்று எழுதிவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.