பெயருக்கான கட்டம்

அவசர அழைப்பு மையம் ஒன்றில் 2011ஆம் ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது, திரையில் நிரப்ப வேண்டிய முதல் கட்டம் அழைப்பவரின் பெயர். இடம் மூன்றாவதாகத்தான் வரும். இந்த வரிசையை எந்தச் சட்டத்தின் கீழ் வகுத்தார்கள் என்று பயிற்சியில் எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அரசாங்க எண்தானே, ஏதாவது சட்டம் இருக்கும் என்று இருந்துவிட்டோம்.

2013இல் ஒரு மழை இரவில், இரண்டு மணி சுமாருக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் அழைத்தார். நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்தில் போன இருவரை ஏதோ வண்டி இடித்துவிட்டுப் போயிருந்தது. வழக்கப்படி பெயரைக் கேட்டேன். "என் பேரு எதுக்கும்மா? நாளைக்கு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நான்தான் அலையணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். எண் திரையில் இருந்ததால் திரும்பத் திரும்ப அழைத்தேன். மூன்றாவது முறைதான் எடுத்தார். பெயர் வேண்டாம், இடத்தை மட்டும் சொல்லுங்கள் என்றதும், மழையில் இறங்கி, கைபேசி வெளிச்சத்தில் கிலோமீட்டர் கல்லைத் தேடிப் படித்துச் சொன்னார். பெயரை நிரப்பாவிட்டால் மென்பொருள் அடுத்த பக்கத்துக்கு நகராது என்பதால் 'லாரி ஓட்டுநர்' என்று அடித்து வண்டியை அனுப்பினேன். முழுமையற்ற பதிவு என்று அந்த மாதத் தர ஆய்வில் எனக்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

பின்னாளில் பயிற்சிப் பிரிவுக்கு மாறியதும், புதியவர்களுக்குச் சொல்வதற்காகவே சட்டத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 911ஐ நாடு முழுமைக்குமான அவசர எண்ணாக்க 1999இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். நம்மிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. 112ஐ ஒரே அவசர எண்ணாக்கும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 ஏப்ரலில் பரிந்துரைத்தது. எண்ணை ஒதுக்குவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறை. அழைப்புக்கு ஓடவேண்டிய காவல்துறையும் ஆம்புலன்ஸும் மாநிலத்தின் பொறுப்பில். ஆம்புலன்ஸை நடத்துபவரைப் பல இடங்களில் கட்டுப்படுத்துவது ஓர் ஒப்பந்தம்.

இந்த ஒட்டுப்போட்ட துணியில் எனக்கு வேண்டிய நூல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் கிடைத்தது. விபத்தில் அடிபட்டவருக்காகக் காவல்துறைக்கோ அவசர சேவைக்கோ தொலைபேசியில் தகவல் தருபவரை, தம் பெயரையும் சொந்த விவரங்களையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த நெறிகள் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று ஆணையிட்டது. உதவுபவருக்கான பாதுகாப்பு 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவும் வந்தது.

தீர்ப்பு வந்தவுடன் அந்த வரியை அச்செடுத்து மென்பொருள் பிரிவுக்குக் கொண்டுபோனேன். பெயர்க் கட்டத்தைக் கட்டாயமற்றதாக்குவது ஐந்து நிமிட வேலை என்றார்கள். அதற்கான அனுமதிக் குறிப்பு மேசை மேசையாகச் சுற்றித் திரும்ப ஏழு மாதம் ஆனது.

இடத்தின் கதை வேறு. 2017 முதல் எல்லாக் கைபேசியிலும் அவசர எண்ணை அழைக்கும் அபாயப் பொத்தானும், 2018 முதல் ஜிபிஎஸ்ஸும் இருக்க வேண்டும் என்று 2016இல் விதி செய்தார்கள். சாதாரணக் கைபேசியானால் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் போதும். ஆனால் கைபேசியில் ஜிபிஎஸ் இருப்பது வேறு, அழைப்பவர் நிற்கும் இடம் எங்கள் திரைக்கு வந்து சேர்வது வேறு. நான் வேலையை விட்ட 2021 வரை கிலோமீட்டர் கல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நான் எடுத்த கடைசிப் பயிற்சி வகுப்பில், பெயரைச் சொல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்றபோது, "இது எந்தச் சட்டம் மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். பலகையில் எழுத ஒரு பெயர் இல்லாததால் வழிகாட்டு நெறி, தீர்ப்பு, பிரிவு, விதி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். அவள் அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.