அனுமதி இல்லை

"அவருக்கு அனுமதி இல்லை சார்."

அன்று ராத்திரி நான் சொன்னது இவ்வளவுதான். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. பாரிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் அந்தப் படியைத் தாண்டும்போதெல்லாம், சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு தடவையும், வேறென்னதான் சொல்லியிருக்க முடியும் என்று ஒரு தடவையும் மனசுக்குள் ஓடுகிறது.

மாலத்தீவில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாரில் ஊற்றிக் கொடுப்பது நம்மை மாதிரி வெளியிலிருந்து வந்த ஆட்கள்தான். உள்ளூர்க்காரர்கள் கவுண்டருக்குப் பின்னால் நிற்பதில்லை. ஜனங்கள் குடியிருக்கும் தீவுகளில் மது கிடையாது. ஏர்போர்ட்டில் பயணிகளின் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, ஊர் திரும்பும்போதுதான் கொடுப்பார்கள். 1972-ல் குரும்பா என்கிற முதல் ரிசார்ட் வந்த நாளிலிருந்து, ஒரு தீவு ஒரு ரிசார்ட் என்று இவர்கள் வளர்த்த ஏற்பாட்டில் இதுவும் அடக்கம். ரிசார்ட் தீவு வேறு, ஊர்த் தீவு வேறு. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ரிசார்ட் தீவில் பறை கொட்ட ஊர்த் தீவுக்காரர்கள்தானே வர வேண்டியிருக்கிறது.

எங்கள் தீவில் செவ்வாய்க்கிழமை போடுபெரு. தமிழ்க்காதுக்கு 'பெரு' என்றால் பெரியது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இவர்கள் பேசும் திவேஹியில் 'போடு' தான் பெரியது, 'பெரு' என்றால் பறை. இதைத் திருத்திச் சொன்னவர் கேப்டன். பகலில் ஸ்பீட்போட் ஓட்டுகிறவர், செவ்வாய் ராத்திரி பறைக்குழுவுக்குத் தலைவர். தோட்டத்து ஆள் இருவர், லாண்டரிப் பையன் ஒருவன், படகில் கயிறு பிடிப்பவர்கள் என்று மற்றவர்களும் பகல் டூட்டி முடித்து வருகிறவர்கள்தான். ரிசார்ட் கடிகாரம் தலைநகர் மாலேயின் நேரத்துக்கு ஒரு மணி முந்தி ஓடும், கெஸ்டுக்கு மாலை வெயில் கூடக் கிடைக்கட்டும் என்று. எங்களுக்கு ஒன்பது, அவர்களுக்கு எட்டு. இஷா என்கிற ராத்திரித் தொழுகையை முடித்துவிட்டு நேராக வருவார்கள்.

பாட்டு மெதுவாகத்தான் தொடங்கும். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் கைகள் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் இருக்கும். ஆடுகிறவன் சாமி வந்தவன் போல உதறுவான். ஆப்பிரிக்காவிலிருந்து கடல்வழி வந்த தாளம் என்பார்கள். முன்காலத்தில் திருக்கைத் தோல் கட்டுவார்களாம், இப்போது ஆட்டுத்தோல். முடிந்ததும் கேப்டன் ஒருதரம் உள்ளங்கையைக் காட்டினார். படகுக் கயிறு காய்ப்பேற்றிய கை. அந்தக் காய்ப்புக்கு மேலேயே செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது.

அன்றைக்கும் அப்படி ஒரு பாட்டு முடிந்திருந்தது. முன் மேஜையில் வருஷா வருஷம் வரும் கெஸ்ட், பிறந்தநாள். நல்ல மனிதர், இதை அழுத்திச் சொல்கிறேன். எழுந்து வந்து கேப்டன் தோளில் கைபோட்டு, தன் விஸ்கி கிளாஸை நீட்டினார். கேப்டன் சிரித்துக்கொண்டே நெஞ்சில் கை வைத்தார். அவர் மறுபடி நீட்டினார். கேப்டன் ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

அந்த இடத்தில்தான் நான் போனேன். பத்து எட்டு தூரம் இருக்கும், ஓடியே போனேன். லோக்கல் ஸ்டாஃப், சட்டம், அவருக்கு அனுமதி இல்லை சார்.

கெஸ்ட் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஓ, பாவம்" என்பது மாதிரி ஒரு பார்வை. பர்ஸிலிருந்து இருபது டாலர் எடுத்துக் கேப்டன் கையில் வைத்துத் தட்டிக்கொடுத்தார். கேப்டன் அதைக் குழுவின் டிப்ஸ் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். என் மேலாளர், சரியாகச் சமாளித்தாய் என்றார்.

ஸ்டாஃப் படகுத்துறையில் பதினோரு மணிக்குக் கேப்டன் எனக்காகக் காத்திருந்தார். அவர் அப்பாவின் வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரத்தில் மூன்று மாதம் இருந்தவர். பாதி இங்கிலீஷ், பாதி இந்தி, நடுவில் அங்கே பழகிய மலையாளம் என்று எங்களுக்குள் ஒரு பாஷை உண்டு.

"நான் பேச வாயைத் திறந்தேன், பார்த்தியா?"

"பார்த்தேன் கேப்டன்."

"என்ன சொல்ல இருந்தேன்னு தெரியுமா? நான் குடிக்கிறதில்லைன்னு. எனக்கு வேண்டாம்னு. நாற்பத்தாறு வயசு எனக்கு. நீ வந்து அனுமதி இல்லைன்னுட்டே. அவன் என்னைப் பார்த்துப் பரிதாபப்படறான். பூட்டிப் போட்ட ஆள் மாதிரி."

டிரெயினிங்கில் அப்படித்தான் சொல்லச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றேன். குடித்திருக்கிற ஆளிடம் 'வேண்டாம்' என்றால் 'ஒரே ஒரு வாய்' என்பான், சட்டம் என்றால் நிறுத்திவிடுவான் என்றேன். இப்போதும் அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எட்டு வருடம் பாரில் நின்றிருக்கிறேன், பார்த்ததைத்தான் சொன்னேன்.

கேப்டன் அதை மறுக்கவில்லை. "நீ குடிப்பியா?" என்று கேட்டார்.

"இல்லை."

"உன்கிட்டே கெஸ்ட் நீட்டினா?"

"டூட்டியில இருக்கேன்னு சொல்லுவேன்."

"டூட்டி இல்லாதப்போ?"

நான் பதில் சொல்லவில்லை. குடிக்காததற்கு எனக்கும் காரணம் இருக்கிறது, அது வீட்டுக் கதை. ஆனால் எட்டு வருடத்தில் ஒரு கெஸ்டிடமும் 'நான் குடிப்பதில்லை' என்று சொன்னதில்லை. குடிக்காதவன் சிபாரிசு செய்யும் சரக்கை யார் நம்புவார்கள் என்கிற பயம். தூத்துக்குடியில் அம்மாவிடம் ஹோட்டல் என்றுதான் சொல்லியிருக்கிறேன், பார் என்று சொல்லவில்லை. கேப்டன் என்னை ஜெயிக்கக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, தோணியில் ஏறிப் படுக்கப் போய்விட்டார். (அந்த ஊரிலும் படகுக்கு தோணி என்றுதான் பெயர். வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியிருக்கிறது.)

இதோடு முடிந்திருந்தால், கேப்டன் சொன்னதுதான் சரி, ஒரு மனிதனின் வாயிலிருந்து வரவேண்டிய 'வேண்டாம்' என்பதை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று எழுதி முடித்திருப்பேன்.

மூன்று மாதம் கழித்துக் குழுவில் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். பத்தொன்பது வயது. அதே செவ்வாய், அதே நேரம், வேறு மேஜை. ஒரு பெண் கெஸ்ட் அவன் கையில் கிளாஸைத் திணித்தார். நான் பார்த்தேன். இந்தமுறை போகவில்லை. அவன் சொல்லட்டும், அவனுக்கும் வாய் இருக்கிறது என்று நின்றேன். பையன் பாரைத் திரும்பிப் பார்த்தான். என்னைத்தான் தேடினான், இன்றைக்கு அது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நான் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. கிளாஸைப் பிடித்தபடி அரை நிமிஷம் நின்றான், பிறகு மேஜையில் வைத்தான். அந்த அரை நிமிஷத்தில் யாரோ போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் அவனை அலுவலகத்தில் கூப்பிட்டு விளக்கம் எழுதி வாங்கினார்கள்.

நான் போய் நடந்ததைச் சொன்னேன், அவன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பையன் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கேப்டனுக்குச் சொல்லத் தெரிந்தது, இவனுக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் எது தேவை என்று பத்து எட்டு தூரத்திலிருந்து, அந்தச் சத்தத்தில், நான் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்திருக்க வேண்டுமோ? கேப்டனிடம் கேட்டேன். அவர் அவனுடைய போட்டோவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாயிலிருந்து ஒரு மாற்றம். கடைசிப் பாட்டு முடிந்ததும் பறையை மணலில் வைப்பதில்லை. எல்லோரும் இரண்டு கையாலும் பறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே தென்னைமரத்துப் பக்கமாக நடந்துவிடுகிறார்கள். கை காலியாக இருப்பதில்லை. கெஸ்டுகள் அதையும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள்.

முன்பெல்லாம் அவர்களுக்கான தண்ணீர் பாட்டில்களைப் பார் கவுண்டரில் வைத்திருப்பேன், வந்து வாங்கிக்கொள்வார்கள். இப்போது நிகழ்ச்சி தொடங்கும் முன்பே பின்னால், பறைகளை அடுக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். எட்டு பாட்டில். காலையில் பார்த்தால் எட்டும் காலியாக இருக்கும். யார் வைத்தது என்று கேப்டன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.