மெல்பர்ன் பழைய கட்டடங்கள், சயனோடைப் பிரிண்ட்ல: இதுவரைக்கும் வந்த கதை

சயனோடைப்னா போட்டோவ நீல நிறத்துல பிரிண்ட் போடுற ஒரு பழைய முறை, தெரியாதவங்களுக்கு சுருக்கமா: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ரெண்டு கரைசலையும் சம அளவு கலந்து வாட்டர்கலர் பேப்பர்ல பூசி, இருட்டுல காயவெச்சு, மேல படத்தோட நெகட்டிவ் (வெளிச்சமும் இருட்டும் தலைகீழா மாறி இருக்கிற ஷீட்) வெச்சு கண்ணாடி போட்டு அமுக்கி வெயில்ல காட்டணும், வெயில் பட்ட இடம் நீலமாகிடும், மிச்சத்த தண்ணில அலசிட்டா அவ்ளோதான். 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது. பிற்பாடு இன்ஜினியருங்க பிளான் காப்பி எடுத்த புளூபிரிண்டும் இதே சமாச்சாரம்தான். மெல்பர்ன்ல மாளிகை மாளிகையா எழும்புன அதே 19ம் நூற்றாண்டு வித்தைங்கிறதால இந்த ஊர் கட்டடங்களுக்கு நல்லா செட் ஆகும்னு இறங்குனேன். பாதிக்குதான் செட் ஆகுது, ஏன்னு பார்த்தா விஷயம் எல்லாம் கல்லுலயும் பூச்சுலயும் இருக்கு.

முதல்ல எடுத்தது கார்ல்டன் கார்டன்ஸ்ல இருக்கிற ராயல் எக்ஸிபிஷன் பில்டிங். செங்கல் கட்டி மேல பூசி வெளிர் நிறம் அடிச்ச கட்டடம், வளைவு, தூண், விளிம்புன்னு எதை எடுத்தாலும் அதுக்கு கீழ ஒரு நிழல் விழும், சயனோடைப்புக்கு வேற என்ன வேணும். ஜோசப் ரீட் டிசைன், டோம் ஃபிளாரன்ஸ் கதீட்ரல பார்த்து வரைஞ்சது, கட்டின கான்ட்ராக்டர் டேவிட் மிட்செல், பாடகி நெல்லி மெல்பாவோட அப்பா. 1880 சர்வதேச கண்காட்சிக்குன்னு கட்டினாங்க, 1901 மே 9ல ஆஸ்திரேலியாவோட முதல் பார்லிமென்ட் இங்கதான் திறந்துச்சு, 1919 ஃப்ளூ சமயத்துல ஆஸ்பத்திரியா கூட இருந்திருக்கு. 2004ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல வந்தாச்சு.

இங்க ஒரு சிக்கல் என்னன்னா ஃபவுண்டன் இருக்கிற அழகான முகப்பு தெற்கு பார்த்தது, இந்த ஊர்ல சூரியன் வடக்குப் பக்கமா போறதால முக்கால்வாசி நேரம் அது நிழல்லயே கிடக்கும், மத்தியானம் போனா சப்பையா ஒரு படம்தான் கிடைக்கும். கோடைல சூரியன் கிழக்குல இருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி உதிக்கும், விடிஞ்ச கையோட போனா வெளிச்சம் சுவத்த உரசிட்டுப் போகும், டோமுக்குக் கீழ இருக்கிற வளைவுல ஒவ்வொரு மடிப்பும் தனியாத் தெரியும். எனக்குப் பிடிச்ச பிரிண்ட் அதுதான்.

அப்புறம் நிக்கல்சன் ஸ்ட்ரீட்ல அப்டியே இறங்கி செயின்ட் பேட்ரிக்ஸ் கதீட்ரல். அங்கதான் மாட்டிக்கிட்டு முழிச்சேன். வில்லியம் வார்டெல் டிசைன், 1858ல ஆரம்பிச்சு 1897ல தான் அபிஷேகம் பண்ணாங்க, கோபுர ஊசிங்க முடிய 1939 ஆச்சு. பெரும்பாலும் புளூஸ்டோன், அதாவது பசால்ட், மேற்குப் பக்கம் பரந்து கிடக்கிற பழைய எரிமலைக் குழம்பு இறுகின கல்லு. ஊர்ல பழைய சந்துகள்ல தரை, சாக்கடை ஓரம், ஜெயில் சுவர் எல்லாமே இதுதான். கருகருன்னு இருக்கிறதால பிரிண்ட்ல மொத்த சர்ச்சும் ஒரே நீலத் திட்டா வந்து நிக்குது, நெகட்டிவ்ல நிழல் பகுதிய எவ்ளோ தூக்கினாலும் வானம் காணாமப் போகுதே தவிர கல்லு பேசல.

அதனால முழுக் கட்டடத்த விட்டுட்டேன். மேகமூட்டமான நாள்ல ஒரே ஒரு கல்ல மட்டும் கிட்டப் போய் எடுத்தேன், உளி கொத்தின கோடு வரிசையா, நடுநடுவுல குழம்பு ஆறும்போது வாயு மாட்டி உண்டான மிளகு சைஸ் ஓட்டைங்க. அது பிரிண்ட்ல பிரமாதமா விழுந்துச்சு! ஒவ்வொரு ஓட்டையும் அடர் நீலப் புள்ளி, உளிக்கோட்டு முனை மட்டும் வெளுப்பு. சர்ச்சோட முழுப் படத்த விட இந்தக் கல்லுதான் கதீட்ரல் மாதிரி இருக்குன்னு என் அபிப்பிராயம், வீட்ல ஒத்துக்கல.

செஞ்சு பார்க்கிறவங்களுக்கு: கோடைல வெயில்ல யூவி (புற ஊதாக் கதிர்) தாறுமாறா இருக்கும், சில நிமிஷத்துலயே ஓவர் ஆகிடும், குளிர்காலத்துல அதே பேப்பர் ரொம்ப நேரம் கேக்கும், அதனால கடிகாரத்த நம்பாம நிறத்த பாருங்க, மஞ்சப் பச்சை போய் வெண்கல சாம்பல் வந்ததும் எடுத்துடணும். அலசுற தண்ணில துளி வினிகர் விட்டா நீலம் வெளுக்காது. புளூஸ்டோனுக்கு கான்ட்ராஸ்ட் ஏத்துன நெகட்டிவ் தனியா வெச்சுக்குங்க.

அடுத்து ஸ்டேட் லைப்ரரி டோம் ரீடிங் ரூம், 1913ல திறந்தது, ஒழுகுதுன்னு 1959ல மேல காப்பர் ஷீட் போட்டு மூடி 2003ல தான் மறுபடி வெளிச்சம் விட்டாங்க. உள்ள எல்லாம் வெள்ளை, சுலபமா வரணும். ட்ரைபாட் விடுவாங்களான்னு கேட்டுட்டுப் போறேன்.