ஈம்: எல்லைக்கல்லில் தொடங்கும் வழிபாடு

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவில் இருக்கிறது இந்தக் கிராமம். எழுத்துக் கூட்டி ‘எயாம்’ என்று படித்துவிடாதீர்கள்; ஊரார் சொல்வது ‘ஈம்’. தமிழ்க் காதுக்கு ஈமக்கடன் ஞாபகம் வரும். வெறும் ஒலி ஒற்றுமைதான், ஆனாலும் 1665-66 பிளேக்கில் வெளியே யாரும் போகாமல் தன்னைத்தானே அடைத்துக்கொண்ட இந்த ஊருக்குப் பொருந்தித் தொலைக்கிறது.

வருகிறவர்களில் பலர் வண்டியை நிறுத்திவிட்டு நேரே புனித லாரன்ஸ் ஆலயத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அது தலைகீழ். கீழேயுள்ள பக்கத்துக் கிராமம் ஸ்டோனி மிடில்டனில் தொடங்குங்கள். அங்கே புனித மார்ட்டின் ஆலயத்தின் கோபுரம், பிரெஞ்சுப் படையுடன் நடந்த அஜின்கோர்ட் போரிலிருந்து (1415) கணவர் உயிரோடு திரும்பியதற்கு நன்றியாக ஜோன் பேட்லி எழுப்பியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். எண்கோண மண்டபம் 1759-இல் கட்டியது.

அங்கிருந்து வயல்வெளிப் பாதையில் ஏறினால் எல்லைக்கல். மழை பெய்திருந்தால் சேறு வழுக்கும்; பிடிமானமுள்ள காலணி வேண்டும். கல்லின் மேல் ஆறு குழிகள். விரலை விட்டுப் பாருங்கள், இந்த ஊரின் வரலாறு அதற்குள் இருக்கிறது.

1665-இல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்குத் துணி வந்தது. அதோடு தெள்ளுப்பூச்சியும் வந்தது என்பார்கள். துணியைப் பிரித்த உதவியாளர் ஜார்ஜ் விக்கார்ஸ் செப்டம்பர் 7-இல் இறந்தார். குளிர்காலத்தில் தணிந்த பிளேக், அடுத்த கோடையில் மூர்க்கமாகத் திரும்பியது. 1666 ஜூனில் போதகர் வில்லியம் மொம்பெசனும், சபைச் சட்டத்துக்குப் பணியாததால் முன்பு போதகர் பதவியை இழந்த தாமஸ் ஸ்டான்லியும் கைகோத்தார்கள். முடிவு மூன்று: யாரும் எல்லை தாண்டுவதில்லை, ஆராதனை திறந்தவெளியில், அவரவர் இறந்தோரை அவரவரே புதைப்பது. வெளியூரார் உணவை எல்லையில் வைப்பார்கள். குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசு போட்டுவைப்பார்கள் ஈம் மக்கள். வினிகர் காசிலிருந்து நோய் தொற்றாமல் தடுக்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. தெள்ளுப்பூச்சிதான் பரப்புகிறது என்று தெரிய 1898 ஆகவேண்டியிருந்தது. ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களைக் காத்தது வினிகரைவிட அந்தக் கட்டுப்பாடுதான் என்றே தோன்றுகிறது.

லிட்கேட் தெரு வழியாக ஊருக்குள் வந்த பிறகு ஆலயம். முற்றத்தில் எட்டாம் நூற்றாண்டுச் சாக்சன் சிலுவை நிற்கிறது. தலைப்பகுதி உடலுக்குப் பெரிதாகத் தெரிந்தால் அது சிற்பியின் பிழையல்ல. தண்டின் ஒரு துண்டு காணாமல் போய்விட்டது. பக்கத்திலேயே கேதரின் மொம்பெசன் கல்லறை. பிள்ளைகளை முன்கூட்டியே வெளியூர் அனுப்பிவிட்டு, கணவரோடு தங்கி, 1666 ஆகஸ்ட் 25-இல் இறந்தார். சுவரில் 1775-ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம் உண்டு. மேகமூட்டமான நாளில் அதனால் பயனில்லை, அங்கே அப்படிப்பட்ட நாட்களே அதிகம்.

இறந்தவர்கள் சுமார் 260 பேர் என்பது பொதுவான கணக்கு. அத்தனை கல்லறைகளை இந்த முற்றத்தில் தேடினால் ஏமாற்றமே. ஜூனுக்குப் பின் இறந்தவர்கள் தோட்டத்திலும் வயலிலும்தான் இருக்கிறார்கள். ஊருக்குக் கிழக்கே மேட்டில் ரைலி கல்லறைகள்: எலிசபெத் ஹேன்காக் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்த இடம். வட்டச் சுவருக்குள் சின்னச் சின்னக் கற்கள், சுற்றிலும் மேய்ச்சல் நிலம்.

ஆராதனையில் கலந்துகொள்ள விரும்பினால் ஆகஸ்ட் கடைசி ஞாயிறுக்கு வாருங்கள். ஆலயத்தைப் பூட்டிய நாட்களில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஜெபித்த கக்லெட் டெல்ஃப் பள்ளத்தில்தான் அன்று நினைவு வழிபாடு. உட்காரப் புல்தரைதான், விரிப்பும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.